பெரிய இன நாய்க்குட்டி வீட்டிற்கு வருமுன்: சிறுநீரக நோயாளிகளின் இல்லங்களில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டு நான்கு மாதங்களே ஆகியிருந்த அம்மையார் ஒருவர், எங்கள் புறநோயாளிப் பிரிவிற்கு வந்தபோது, இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு இன்னொரு தாளையும் மேசைமேல் வைத்தார். செல்லப்பிராணிக் கடையில் அவருடைய மகனுக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் அது. கழுத்துப்பட்டை, சங்கிலி, எவர்சில்வர் கிண்ணங்கள் இரண்டு, மெத்தை, சீப்பு, ஷாம்பூ, வாசனைத் தெளிப்பான், கம்பளிச் சட்டை என்று நீண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் தேறிய பேரனுக்கு லாப்ரடார் குட்டி வாங்கித் தருவதாக வீட்டில் வாக்களித்துவிட்டார்களாம். "இதில் எனக்கு ஆகாதது ஏதாவது இருக்கிறதா டாக்டர்?" என்று கேட்டார்.

ஆகாதது எதுவும் இல்லை. நம் ஊர் வெயிலில் லாப்ரடாருக்குக் கம்பளிச் சட்டை எதற்கு என்பது மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. பட்டியலில் இல்லாத பொருள்களே எங்களைக் கவலைகொள்ளச் செய்தன.

நாய் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடுதல் மருத்துவருக்கு எளிது. நாங்கள் அவ்வாறு சொல்வதில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தின் அருகே படுத்திருப்பவருக்கு, வாயிலில் வாலாட்டிக் காத்திருக்கும் ஓர் உயிர் எவ்வளவு ஆறுதல் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். ஆயினும் காலம் பார்த்தல் வேண்டும். மாற்று அறுவைக்குப் பின் முதல் ஆறு மாதங்களேனும், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகள் மிகுந்த அளவில் தரப்படும் காலத்தில், புதிய குட்டி எதையும் கொண்டுவர வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. உடல் சிறுநீரகத்தை ஏற்க மறுத்து, அதற்கென மருந்து கூட்டப்பட்டவர்கள் அந்நாளிலிருந்து மீண்டும் கணக்கிடுதல் நன்று. ஆறு மாதம் நிறையாத குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கும் குடற்புழுக்களும் மிகுதி. அக்கிருமிகள் மனிதரையும் பற்றும். தடுப்பூசிகள் முடிந்த, வளர்ந்த நாய் கிடைக்குமாயின் அதுவே மேல்.

குட்டிதான் வேண்டுமென்றால், முதலில் தேட வேண்டியது தடுப்பூசிப் புத்தகம். குட்டியினுடையது மட்டுமன்று, தாய் நாயினுடையதும் வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதத்திற்குள் குட்டிகள் கைமாறிவிடுகின்றன. வெறிநோய்த் தடுப்பூசியோ மூன்று மாதம் நிறைந்த பின்னரே போடப்படுகிறது. இடைப்பட்ட அந்த வாரங்களில், தடுப்பூசியில்லாத ஒரு நாய் வீட்டிற்குள் இருக்கிறது. அதன் பாற்பற்கள் ஊசிமுனை போன்றவை. விளையாட்டிலேயே தோலைக் கீறிவிடும். "குட்டிதானே, பால்பல்தானே" என்று இரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவதே நாங்கள் மிகவும் அஞ்சுவது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிரை மீட்பது ஏறத்தாழ இயலாது. ஆகவே குட்டியைக் கட்டுமிடத்திற்கு அருகிலுள்ள குழாயடியில் எப்போதும் ஒரு சோப்புக் கட்டி இருக்கட்டும். கீறல் பட்டால், ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் சோப்பிட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

நோயெதிர்ப்பு அடக்கும் மருந்து உண்பவர்களுக்கு இதில் ஒரு வேறுபாடு உண்டு. தடுப்பூசி அவர்கள் உடலில் போதிய எதிர்ப்பை உண்டாக்காமல் போகலாம். அதனால் பிறருக்குத் தடுப்பூசி மட்டுமே போதுமெனக் கருதப்படும் சிறு கீறலுக்கும் அவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் மருந்தும் சேர்த்துத் தரப்பட வேண்டும். ஊசி போடுமிடத்தில் இருப்பவர்க்கு உங்கள் மருந்துகள் தெரிந்திரா. நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். மாற்று அறுவைக்குக் காத்திருப்போர் வீட்டில் நாய் இருந்தால், அறுவைக்கு முன்னரே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது குறித்து எங்களைக் கேளுங்கள்.

அடுத்து, பெரிய இனம் என்பதன் பொருள். இரண்டு மாதக் குட்டி ஏறத்தாழ ஐந்து கிலோ. அறுவைக் காயம் ஆறிக்கொண்டிருப்பவர் தூக்குவதற்கு அதுவே மிகுதி. ஆறாம் மாதத்தில் அது இருபது கிலோவைத் தாண்டும். வளர்ந்த லாப்ரடார் முப்பது கிலோ வரையிலும், அதற்கு மேலும் இருக்கும். பாய்ந்து காலூன்றி வரவேற்பது அதன் வழக்கம். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா அமைத்த கையில் அதன் நகம் ஆழப்பட்டால் இரத்தம் பெருகும். அந்தக் கையில் சங்கிலியைப் பிடிக்கவோ, மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவோ கூடாது. நாயோடு இருக்கையில் தளர்வான முழுக்கைச் சட்டை அணியுங்கள். கழுத்துப்பட்டையைவிட, நீட்டிக் குறுக்கத்தக்க மார்புப்பட்டை நல்லது; இழுக்கும் நாயை அடக்க எளிது. இன்றைய அளவிற்கு வாங்கினால் இரண்டு மாதத்தில் மீண்டும் கடைக்குப் போக நேரும். குட்டி சிறிதாக இருக்கும்போதே, மேலே பாயாமல் உட்காரப் பழக்கிவிடுங்கள்.

வயிற்றின்வழி டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்குக் கதவு மூடிய அறை கட்டாயம். பை மாற்றும் நேரத்தில் நாய் அந்த அறைக்குள் இருத்தல் ஆகாது. தொங்கும் குழாய் குட்டிக்கு விளையாட்டுப் பொருள். அதன் வாயிலுள்ள கிருமிகள் அவ்வழியே உட்சென்று வயிற்றறை உறையழற்சியை உண்டாக்கியமை மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் பெரிய இனக் குட்டியின் கால்கள் சறுக்கும். வளரும் இடுப்பு மூட்டுகளுக்கு அது நல்லதன்று. அதே தரையில் குட்டியின் சிறுநீர் கிடந்தால், நெடுநாள் ஸ்டீராய்டு உண்டு எலும்பு மெலிந்தவர் வழுக்கி விழுவார். நடைபாதையில் ரப்பர் விரிப்பு இருவரையும் காக்கும். மெத்தைக்குச் செலவிடும் பணத்தை இதற்குச் செலவிடலாம். குட்டிக்குப் பழைய சாக்கும் போர்வையுமே போதும், கடித்துக் கிழித்தாலும் வருந்த வேண்டியதில்லை. கழிவை அள்ளுவது நோயாளியின் வேலையாக இருத்தல் கூடாது. வேறு யாருமில்லையெனில் கையுறை அணிந்து அள்ளி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. எலிக்காய்ச்சல் நாயின் சிறுநீர்வழியும் பரவும்; அது மனிதச் சிறுநீரகத்தையே தாக்கும் நோய். குட்டிக்கு அத்தடுப்பூசி உண்டு. இரவில் உணவுக் கிண்ணத்தை வெளியில் விடாதீர்கள், எலிகள் வரும்.

உணவில் பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்பட்டதை வாங்குங்கள். வேகமாக வளரட்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றுவோர் பலர். மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அக்குட்டிகளின் குடலுக்குக் குறைவு. எலும்புகள் கோணலாக வளரும். கால்நடை மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். பச்சை இறைச்சி கொடுப்பதால் வரும் கிருமிகள் நோயாளிக்கும் தீங்கு. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பதைச் சிறுநீரக மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லாமல் விடலாகாது. பாயசக் கிண்ணத்தை நக்கவிடாதீர்கள்.

மருந்துப் பெட்டியை நாயின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். இன்று எட்டாத மேசை ஆறு மாதத்தில் எட்டிவிடும்.

அந்த அம்மையார் வீட்டில் ஐந்து மாதம் பொறுத்திருந்தார்கள். தடுப்பூசி முடிந்த நாலரை மாதக் குட்டியாகப் பார்த்து வாங்கினார்கள். அண்மையில் வந்தபோது மருந்துச் சீட்டோடு நாயின் தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்து வந்திருந்தார். அடுத்த ஊசியின் நாளை எங்கள் செவிலியர் அவருடைய நோயாளிக் குறிப்பேட்டிலும் எழுதிக் கொடுத்தார். கம்பளிச் சட்டையையும் வாங்கிவிட்டார்களாம். இரண்டாம் நாளே அது கந்தலாகிவிட்டது என்றார்.