ஆற்றின் தலை கென்யாவில், தாகம் தான்சானியாவில்

ஆப்பிரிக்கப் புல்வெளி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே காட்சிதான். ஆயிரக்கணக்கான விலங்குகள் கலங்கிய ஆற்றில் குதிக்கின்றன. முதலைகள் வாய் பிளந்து காத்திருக்கின்றன. அந்த ஆறு மாரா. குதிப்பவை வில்டபீஸ்ட் எனப்படும், மாட்டுத் தலை கொண்ட மான் இனம். அந்த ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சிங்கப்பூரைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு. அதன் வட எல்லையை ஒட்டியிருப்பது கென்யாவின் மாசாய் மாரா காப்பகம். வரைபடத்தில் இவை இரண்டு நாடுகள். விலங்குகளுக்கோ ஒரே மேய்ச்சல் நிலம். தெற்கே எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் புல்லில் தாதுச் சத்து அதிகம். அதனால் ஆண்டின் தொடக்கத்தில் வில்டபீஸ்டுகள் அங்கே குட்டி ஈனுகின்றன. மழை நின்று புல் காய்ந்ததும், சுமார் 13 லட்சம் விலங்குகள் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்குகின்றன. அங்கேதான் மாரா ஓடுகிறது. கோடையிலும் வற்றாத ஆறு அந்தப் புல்வெளியில் அது ஒன்றே.

(விலங்குகள் கடப்பிதழ் இல்லாமல் கடக்கும் இதே எல்லையில், சுற்றுப்பயணிகளுக்கான வழி 1977-இல் மூடப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் அது திறக்கவே இல்லை!)

மாரா பிறப்பது கென்யாவின் மாவ் மலைக்காட்டில். அங்கிருந்து மாசாய் மாரா, செரங்கெட்டி வழியாக 395 கிலோமீட்டர் ஓடி விக்டோரியா ஏரியில் கலக்கிறது. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்லக் கசியவிடுவது காட்டின் வேலை. அந்தக் காட்டில் சுமார் கால் பங்கு அழிந்துவிட்டதாகக் கென்ய அரசின் பணிக்குழுவே 2009-இல் அறிக்கை தந்தது. காட்டை வெட்டிக் குடியேறியவர்களில் பலர் ஏழை விவசாயிகள். நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததில் அரசியலுக்கும் பங்கு உண்டு. மரம் போனால் மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் வறண்ட ஆறு. தான்சானியா தன் பூங்காவை எவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காத்தாலும், ஆற்றின் தலை அதன் கையில் இல்லை.

ஆனால் குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை. செரங்கெட்டியின் வட பகுதியைக் குறுக்கே வெட்டி நெடுஞ்சாலை அமைக்கப்போவதாகத் தான்சானியா 2010-இல் அறிவித்தது. பூங்காவுக்குள் மட்டும் 53 கிலோமீட்டர். அந்தச் சாலை விலங்குகளின் நடைபாதையை மறித்துவிடும், மந்தைகள் மாராவை எட்டாமலே போகலாம் என்ற அச்சம் எழுந்தது. லோலியோண்டோ பகுதி மக்களுக்கு மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போக நல்ல சாலை வேண்டும் என்பதும் நியாயம்தான். பூங்காவைச் சுற்றித் தெற்கு வழியாகப் போடலாம் என்ற யோசனை அதனால்தான் வந்தது.

கென்யாவைச் சேர்ந்த விலங்கு நல அமைப்பு ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றத்தில் தான்சானியா அரசுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 'எங்கள் மண், எங்கள் சாலை' என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. இயற்கை வளத்தைச் சேர்ந்து காப்போம் என்று கிழக்கு ஆப்பிரிக்கச் சமூக உடன்படிக்கையில் இரு நாடுகளும் கையெழுத்திட்டிருந்தன. அதைச் சுட்டிக்காட்டிய நீதிபதிகள், பூங்காவின் குறுக்கே தார்ச்சாலை போடத் தடை விதித்தார்கள். தீர்ப்பு வந்தது 2014 ஜூன் 20-ஆம் தேதி. ஒரு நாட்டின் பூங்காவுக்காக அண்டை நாட்டு அமைப்பு வழக்காடி வென்றது அபூர்வம்.

காட்டுக்கு இப்படி ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை. அங்கே வழக்கைவிடப் பேச்சுதான் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. 2012 முதல் செப்டம்பர் 15-ஆம் தேதியை இரு நாடுகளும் மாரா தினமாகக் கொண்டாடுகின்றன. தேதியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் உண்டு: மந்தைகள் அந்த ஆற்றங்கரையில் நிற்கும் பருவம் அது.