விமான இன்ஜினில் சின்னத் துடுப்பு எதற்கு?

நைனார்பாளையத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய மாணவர் ஒருவர், விமான ஜன்னல் வழியே உறவினர் எடுத்த போட்டோவை என்னிடம் காட்டினார். ஸூம் செய்தபோது, இன்ஜின் கூட்டின் மேல் பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு தகடு தெரிந்தது. “இவ்வளவு பெரிய விமானத்துக்கு இது எதற்கு சார்?” என்றார்.

இதன் பெயர் நாசெல் ஸ்ட்ரேக். இது அசையாது, மோட்டாரோ ஒயரோ கிடையாது. வேலை மட்டும் பெரியது.

தரையிறங்க வரும் விமானம் வேகத்தைக் குறைத்து, மூக்கை உயர்த்தியபடி வருகிறது. அப்போது இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இன்ஜின் கூடு காற்றை மறிக்கிறது. கோமுகி ஆற்றில் பாறையைத் தாண்டிய தண்ணீர் கலங்குவதுபோல, கூட்டுக்குப் பின்னால் காற்றோட்டம் கலங்கி, இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரியப் பார்க்கும். பிரிந்தால் தூக்குவிசை குறைந்துவிடும். இதுதான் ஸ்டால்.

இங்கேதான் துடுப்பு உதவுகிறது. சாய்வாக வரும் காற்று அதன் விளிம்பைத் தாண்டும்போது, முறுக்கிய கயிறுபோல ஒரு சுழலாகிறது. அந்தச் சுழல் இறக்கையின் மேல் ஓடி, வேகமான காற்றைக் கீழே இழுத்து, சோர்ந்த காற்றுடன் கலக்கிறது. காற்று இறக்கையோடு ஒட்டிச் செல்கிறது, ஸ்டால் தள்ளிப்போகிறது. உயரத்தில் நேராகப் பறக்கும்போது இதற்கு அதிக வேலை இல்லை.

1970களின் டிசி-10 விமானத்திலேயே இத்துடுப்புகள் இருந்தன. 1984இல் முதன்முதலாகப் பறந்த போயிங் 737-300 ரகத்தில், பயணிகள் பக்கம் பார்த்தபடி இன்ஜினுக்கு ஒன்று வைத்தார்கள்.

பலனை எக்செல்லில் நீங்களே பாருங்கள். தரையிறங்க வரும் வேகம், ஸ்டால் வேகத்தைப்போல் குறைந்தது 1.23 மடங்கு இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கட்டத்தில் 100, அடுத்ததில் 95 என டைப் செய்து, 1.23ஆல் பெருக்குங்கள். விடை 123, 116.85. இரண்டையும் வர்க்கம் செய்து ஒப்பிடுங்கள். ஓடுபாதையில் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்திருக்கும். மழை நாளில், நீளம் குறைந்த ஓடுபாதையில், இது உயிர் காக்கும் வித்தியாசம்.

சென்னைபோல ஈரப்பதம் மிகுந்த ஊரில் இறக்கையருகே ஜன்னல் சீட் கிடைத்தால், புறப்படும்போதும் இறங்கும்போதும் கவனியுங்கள். துடுப்பிலிருந்து வெள்ளை நூல்போல ஒரு கோடு இறக்கையின் மேல் ஓடக்கூடும். அது புகையல்ல, சுழலுக்குள் அழுத்தம் குறைந்து குளிர்ந்த நீராவி. பயம் வேண்டாம்!