ஆறாத நோவும் ஆற்றப்படாத மனவடுவும்

தலையிடி, நாரி நோ, மூட்டு உளைவு, நெஞ்சடைப்பு என்று ஆண்டுக்கணக்கில் வைத்தியசாலைகளுக்கு அலைகின்றவர்களை வடக்கு, கிழக்கின் எந்தக் கிராமத்திலும் காணமுடியும். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கான் என்று அனைத்தும் முடிந்த பின்னர் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற பதிலோடும் ஒரு பை குளிசைகளோடும் அவர்கள் வீடு திரும்புகின்றனர். நோ மாறுவதில்லை. நாளடைவில் வீட்டிலுள்ளவர்களும் அவர்களது முறைப்பாட்டை நம்ப மறுக்கின்றனர். நோவினால் ஏற்படும் துன்பம் போதாதென்று, பொய் சொல்கின்றார் என்ற அவப்பெயரையும் அவர்கள் சுமக்க நேரிடுகின்றது.

"ஒன்றுமில்லை" என்ற இப்பதில் தவறானது என்பதையே இன்றைய மருத்துவம் கூறுகின்றது. நோவை ஆராயும் சர்வதேச சங்கம் 2020 ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட வரைவிலக்கணத்தின்படி, நோ என்பது உடல் உணர்வாகவும் மன உணர்வாகவும் ஒருங்கே அமைந்த அனுபவமாகும். உடலிழையங்களில் சேதம் கண்டுபிடிக்கப்பட்டால்தான் அது நோ என்றில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 11 ஆவது சர்வதேச நோய் வகைப்பாடும், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் நோவை நாட்பட்ட நோவாகக் கொள்வதோடு, அது தனியொரு நோயாகவே இருக்கக்கூடும் என்பதையும் ஏற்றுக்கொண்டுள்ளது.

உயிராபத்தைச் சந்தித்த மனிதனின் நரம்புத் தொகுதி, ஆபத்து நீங்கிய பின்னரும் விழிப்பு நிலையிலேயே இருந்துவிடுவதுண்டு. தசைகள் இறுகுகின்றன. உறக்கம் கெடுகின்றது. சாதாரண தொடுகையையும் அசைவையும்கூட மூளை ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டு நோவாக உணர்த்துகின்றது. நோ மீண்டும் பழைய நினைவுகளைக் கிளறுகின்றது. நினைவுகள் நோவை மிகுவிக்கின்றன. இச்சுழலில் சிக்கியவருக்கு வலிநிவாரணி மாத்திரம் விடுதலை அளிக்கப்போவதில்லை.

இது எமது மக்களுக்குப் புதிய செய்தியல்ல. உளமருத்துவ நிபுணர்களான தயா சோமசுந்தரமும் சிவயோகனும் யாழ்ப்பாணத்தில் போரின் உளத்தாக்கம் குறித்து நடத்தி 1994 இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கீட்டுக்குப் பின்னரான மனவடு நோய் 27 வீதமானோரிடம் காணப்பட்டது. உளத்தாக்கம் உடல் உபாதைகளாக வெளிப்பட்டோரோ 41 வீதமாவர். வாய் சொல்லத் தயங்கியதை உடல் சொல்லியது என்றே இதனைக் கொள்ள வேண்டியுள்ளது. அதன் பின்னரும் எத்தனையோ நிகழ்ந்துவிட்டன. 2004 இல் ஆழிப்பேரலை வந்தது. 2009 இல் போர் பேரழிவோடு முடிந்தது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாண்டுகள் அகதி வாழ்வை அனுபவித்தனர். காணாமற்போனோரின் உறவினர்களுக்குத் துயரத்தை முடித்துக்கொள்ளவும் வழியில்லை.

மனவடுவை மையப்படுத்திய உளச்சிகிச்சை இங்கேதான் முக்கியத்துவம் பெறுகின்றது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரின் துணையோடு, பாதுகாப்பான சூழலில், நோயாளி தாம் ஒதுக்கிவைத்த நினைவுகளையும் அடக்கிவைத்த அச்சம், கோபம், துக்கம் என்பவற்றையும் படிப்படியாக எதிர்கொள்கின்றார். அது கடந்துபோன நிகழ்வு, இன்றைய ஆபத்தல்ல என்பதை உடலும் மனமும் கற்றுக்கொள்கின்றன. அமெரிக்காவில் நாட்பட்ட நோவினால் வருந்திய, 60 வயதைக் கடந்த 126 முன்னாள் படையினரிடையே நடத்தப்பட்டு 2024 இல் வெளியான ஆய்வு கவனத்திற்குரியது. உணர்வுகளை உணர்ந்து வெளிப்படுத்தும் சிகிச்சையைப் பெற்றவர்களில் 63 வீதமானோருக்கு நோ குறைந்தபட்சம் 30 வீதத்தினால் தணிந்தது. வழமையான அறிகை நடத்தைச் சிகிச்சை பெற்றோரில் இது 17 வீதமாகவே இருந்தது. கண்ணசைவுகளைப் பயன்படுத்தி நினைவுகளைச் சீர்செய்யும் சிகிச்சை, துண்டிக்கப்பட்ட அவயவத்தில் தோன்றும் நோவுக்கும் உதவலாம் என்று சிறிய அளவிலான ஆய்வுகள் காட்டியுள்ளன. மிதிவெடிகளால் கால்களை இழந்தோர் வாழும் மண்ணில் இதனைப் புறக்கணிப்பதற்கில்லை.

எனினும் சில எச்சரிக்கைகள் அவசியமாகின்றன. உடலில் தங்கிய எறிகணைச் சிதறல், பொருந்தாத செயற்கைக் கால், சித்திரவதையினால் சேதமுற்ற நரம்பு என்பன மனவடு என்ற பெயரில் மறைக்கப்படலாகாது. உடற்பரிசோதனையே முதற்படியாகும். சித்திரவதைக்குள்ளானோரின் நாட்பட்ட நோவுக்கான சிகிச்சைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, உறுதியான முடிவுக்கு வரப் போதிய ஆய்வுகள் இல்லை என்றே கூறியது. ஆகவே இச்சிகிச்சையை சர்வரோக நிவாரணியாக எவரும் விளம்பரப்படுத்தக்கூடாது. பயிற்சியற்றவர்கள் பழைய புண்ணைக் கிளறிவிட்டு நடுவழியில் கைவிடுவது நன்மையைவிடத் தீமையையே விளைவிக்கும்.

இதற்கான ஆளணி எம்மிடம் இல்லை என்ற வாதத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆழிப்பேரலையின் பின்னர் வடகிழக்கு முகாமொன்றில் மனவடுவுற்ற 31 சிறுவர்களுக்கு உள்ளூர் உளவளத்துணையாளர்களே ஆறு அமர்வுகளில் சிகிச்சை அளித்தனர். சம்பவங்களை வரிசைப்படுத்திக் கதையாகச் சொல்லும் முறையும் தியானமும் ஆறுதல் பயிற்சியும் இணைந்த முறையும் அங்கு ஒப்பிடப்பட்டன. இரண்டுமே நற்பயன் அளித்ததாக 2009 இல் வெளியான ஆய்வறிக்கை தெரிவித்தது. அது நோவுக்கான சிகிச்சையல்ல என்பது உண்மையே. ஆயினும் எமது மொழியில், எமது மக்களைக் கொண்டே இத்தகைய சிகிச்சையை முன்னெடுக்கலாம் என்பதை அது நிரூபித்தது.

எனவே, நாட்பட்ட நோவோடு வருகின்றவரிடம் "எங்கே நோகின்றது?" என்பதோடு, "உங்களுக்கு என்ன நடந்தது?" என்றும் கேட்கும் வழக்கம் எமது வைத்தியசாலைகளில் ஏற்பட வேண்டும். நோவுக்கான சிகிச்சையும் உளமருத்துவமும் ஒன்றையொன்று அறியாத இரு கதவுகளாக இருத்தலாகாது. தமிழ் மொழியில் பயிற்சி பெற்ற, பெண்கள் தயக்கமின்றிப் பேசக்கூடிய பெண் உளவளத்துணையாளர்களையும் உள்ளடக்கிய சேவை மாவட்டந்தோறும் தேவை. உளமருத்துவரை நாடுவோருக்குப் பைத்தியப் பட்டம் சூட்டும் மனப்பான்மையை மாற்றுவதில் கோவில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களுக்கும் பாரிய பங்குண்டு.

நோவோடு வாழ்பவர்கள் எம்மிடம் முதலில் எதிர்பார்ப்பது மருந்தையல்ல, நம்பிக்கையையே. அவர்கள் சொல்வது உண்மை என்று ஏற்றுக்கொள்வதிலிருந்தே சிகிச்சை ஆரம்பமாகின்றது என்பதைச் சம்பந்தப்பட்ட சகலரும் உணர்ந்து செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.