இம்மி என்னும் சொல்லும் அதன் எண்ணும்

“கணக்கு இம்மியளவும் பிசகவில்லை” என்கிறோம். மிகச் சிறியது என்பதற்கு மேல் அச்சொல்லுக்கு இன்று நாம் பொருள் கொள்வதில்லை. ஆயினும், தமிழர் கணக்கியலில் இம்மி திட்டமான அளவுடைய ஒரு பின்னமாகும். பெருவழக்கான வாய்பாட்டின்படி, ஒன்றை 2,150,400 சம கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறே இம்மி. தமிழகத்து மாணவர் இவ்வெண்ணை ‘இருபத்தொரு இலட்சத்து ஐம்பதாயிரத்து நானூறு’ எனப் படிப்பர். கிள்ளானில் நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ‘இரண்டு மில்லியன்’ எனத் தொடங்குவர். படிக்கும் முறை வேறாயினும் எண் ஒன்றே.

இவ்வெண் பிறந்த வழியைக் காண்போம். ஒன்றில் இருபதில் ஒரு பங்கு மா. மாவில் காற்பங்கு காணி, அது 1/80. காணியில் காற்பங்கு முந்திரி, அது 1/320. மாவும் காணியும் கூடினால் 1/16. அதன் பெயர் மாகாணி. சொல்லே இங்கு ஒரு கூட்டல் கணக்காக நிற்கிறது. முந்திரியை மீண்டும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி; அது 1/102,400. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் நிலப்பரப்பை முந்திரிக்கும் கீழே பகுத்துக் குறிக்கின்றன. எனவே இவை ஏட்டளவில் நின்ற பெயர்கள் அல்ல. கீழ்முந்திரியை 21 கூறாக்கக் கிடைப்பதே இம்மி.

ஏன் 21? 102,400 என்பது பன்னிரண்டு 2களையும் இரண்டு 5களையும் பெருக்கி வந்த எண். 2, 5 தவிர வேறு பகாக் காரணி அதற்கு இல்லை. ஆதலின் அரை, கால், ஐந்திலொன்று ஆகியவை கீழ்முந்திரியில் மீதியின்றி அமையும். மூன்றிலொன்றும் ஏழிலொன்றும் அமையா. இன்றைய தசமப் பின்னத்திற்கும் இதே குறை உண்டு. 1/3 என்பது 0.333 என முடிவின்றி நீள்கிறது. 21 என்பது 3, 7 ஆகியவற்றின் பெருக்கம். நோக்கம் எதுவாயினும் பயன் தெளிவு: மூன்றிலொன்று 716,800 இம்மி, ஏழிலொன்று 307,200 இம்மி. இரண்டும் முழு எண்கள். கீழ்முந்திரியின் எண்ணுக்குக் காரணிகள் 39. இம்மியின் எண்ணுக்கோ 156.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. 1 முதல் 10 வரையுள்ள எண்களுள் 9 மட்டும் இதனை மீதியின்றி வகுக்காது. ஏனெனில் இதனுள் 3 ஒருமுறையே இடம்பெறுகிறது.

முன்னோர் கணக்கறிவைப் போற்றும் நாம் அதனை வகுத்துப் பார்ப்பது அரிதாகிவிட்டது. வாழ்த்திப் போற்றுவதால் மட்டும் ஒரு கலைச்சொல் வாழாது. அதைக் கொண்டு கணக்கிட்டால்தான் வாழும். ஆசிரியர்கள் காரணிப் பாடத்தில் இவ்வெண்ணைக் கரும்பலகையில் எழுதி, 9ஆலும் வகுபட எந்தச் சிற்றெண்ணால் பெருக்க வேண்டும் என்று வினவலாம். மாணவர் 3 என்று விடை கண்டு 6,451,200ஐ அடையும்போது, இம்மி அவர்களுக்கு மரபுத்தொடராக மட்டுமன்றி ஓர் அளவாகவும் விளங்கும்.