பல் கூச்சம்

தில்லிக் குளிரில் காலைக் குழாய்த் தண்ணீர் பட்டதும் பல் ‘சுரீர்’ என்கிறதா? பல்லின் மேலுறையான எனாமலுக்கு உணர்ச்சி கிடையாது. அது தேய்ந்தாலோ, ஈறு இறங்கி வேர் தெரிந்தாலோ, அடியிலுள்ள டென்டினின் நுண்குழாய்கள் திறந்துகொள்ளும். குளிர் பட்டால் அவற்றிலுள்ள திரவம் அசைந்து நரம்பைத் தூண்டும்.

பல்பொடியை அழுத்தித் தேய்ப்பது நம்மில் பலர் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். மென்மையான பிரஷ் போதும். எலுமிச்சைச் சாறு குடித்தால் அரைமணி கழித்தே பல் தேய்க்கவும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசை பலன் தரச் சில வாரங்களாகும். நாலு நாளில் கைவிடுபவர்களே அதிகம்!

தண்ணீரை விழுங்கிய பிறகும் வலி நீடித்தாலோ, ஒரே பல்லில் மட்டும் வந்தாலோ, சொத்தையோ விரிசலோ இருக்கலாம். ‘பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நம் டாக்டரிடம் காட்டலாம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். அதற்குள் பல்லின் உட்கூழ் கெட்டுவிட்டால் வேர் சிகிச்சை செய்ய வேண்டிவரும்.