%2520 என்றால் என்ன?

தமிழ் விக்கிப்பீடியாவில் 'தமிழ்' பக்கத்தின் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சதவீதக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக நீண்ட வால் ஒன்று வந்து விழும்.

இணைய முகவரிக்குள் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர மற்றதெல்லாம் வேஷம் கட்டித்தான் நுழைய வேண்டும். சதவீதக் குறி, அதையடுத்துப் பதினறும முறையில் இரண்டு இலக்கங்கள்: வேஷம் அவ்வளவுதான். வெற்றிடத்துக்கு %20. 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. ஒரு பைட்டை எழுத மூன்று இடம் என்பதால் மொத்தம் 45!

வலைப்பக்கத்தின் உள்ளே வேஷம் வேறு. அங்கே த என்பது த என்றும், ம என்பது ம என்றும் வரலாம். எல்லா எண்ணையும் தனித்தனியாகத் தேடி மாற்ற முடியுமா? இங்கேதான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கைகொடுக்கிறது. அது சொல்லைத் தேடாது, சொல்லின் சாயலைத் தேடும். &#([0-9]+); என்று எழுதினால் போதும்: நடுவில் ஒன்றோ பலவோ இலக்கங்கள் வரலாம், அவற்றை அடைப்புக்குறி பிடித்துத் தரும். அந்த எண்ணுக்குரிய எழுத்தை அதே இடத்தில் வைத்துவிடலாம்.

முகவரியில் இந்த வித்தை அப்படியே பலிக்காது. ஒவ்வொரு சதவீதக் குறியாக அவிழ்த்தால் கிடைப்பது எழுத்தின் மூன்றிலொரு துண்டு. திரையில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். அடுத்தடுத்து வரும் குறிகளைக் கொத்தாகப் பிடித்து ஒன்றாக அவிழ்க்க வேண்டும். (ரெகுலர் எக்ஸ்பிரஷனைக் கணினித் தேடலுக்குக் கொண்டுவந்த கென் தாம்சன்தான், 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து யுடிஎஃப்-8ஐயும் வடிவமைத்தார். நோயும் மருந்தும் ஒரே கையிலிருந்து!)

இதைவிடப் பெரிய பொறி, இரண்டு முறை அவிழ்ப்பது. சதவீதக் குறிக்கே %25 என்றொரு வேஷம் உண்டு. எனவே %2520 என்பதை அவிழ்த்தால் %20 வரும். அங்கேயே நிற்க வேண்டும். மறுபடி அவிழ்த்தால் வெற்றிடம். அற்பப் பிழையாகத் தெரியும். ஆனால் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வர், முகவரியைச் சோதித்து முடித்த பிறகு இன்னொரு முறை அவிழ்த்தது. இரட்டை வேஷம் கட்டியவை காவலைத் தாண்டின. 2001 செப்டம்பரில் பரவிய நிம்டா என்ற கணினிப் புழு பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று.

நிரல்மொழிகள் பலவற்றில் இந்த வேஷத்தை அவிழ்ப்பதற்கான கருவி தயாராகவே இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். சொந்தமாக எழுதியே தீருவேன் என்பவர்கள் முதலில் %2520ஐக் கொடுத்துப் பாருங்கள். %20 என்று விடை வராவிட்டால் நிரலை வெளியே விடாதீர்கள்.