சிறு கம்பெனியில் நேர்முகத் தேர்வு

பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் டில்லியைச் சூழ்ந்த நகரங்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இன்று அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு: "இன்டர்வியூ என்ன ஆயிற்று, கிடைத்ததா?" கேட்பவர் பெற்றோர், பல நேரங்களில் விடையாக வருவது ஒரு பெருமூச்சு. மென்பொருள் தொழிலில், அதிலும் சிறு கம்பெனிகளில், ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை நம் தலைமுறை அறிந்திராதது. அதனைச் சிறிது விளக்குவது பயனுடையதாகும்.

பெரிய கம்பெனிகள் கல்லூரிகளுக்கே சென்று, எழுத்துத் தேர்வு நடத்திப் பலரை ஒருசேர எடுத்து, பின்னர்ப் பயிற்சி அளிக்கின்றன. பத்துப் பேரே பணிபுரியும் கம்பெனிக்கு அவ்வசதி இல்லை. புதிதாக வருபவர் சில வாரங்களிலேயே தோள்கொடுத்தாக வேண்டும். ஆகவே, நாளை அருகில் அமர்ந்து வேலை செய்யப்போகும் பொறியாளரே தேர்வை நடத்துகிறார். சில வேளை கம்பெனியைத் தொடங்கியவரே நடத்துகிறார். முதலில் தொலைபேசியில் சிறு பேச்சு. அடுத்து வீட்டில் செய்து அனுப்பவேண்டிய ஒரு பயிற்சி, அல்லது தேர்வாளர் பார்த்திருக்க நிரல் எழுதுதல். முடிவில் நிறுவனருடன் உரையாடல். பெரும்பாலும் இதுவே வரிசை.

கேள்வியின் தன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 1,000 பெயர்கள் கொண்ட பட்டியலில் ஒரு பெயரைத் தேடித் தரும் நிரல் வேண்டும் என்கிறார் தேர்வாளர். ஒருவர் உடனே எழுதத் தொடங்குகிறார். மற்றொருவர், "பட்டியல் அகரவரிசையில் உள்ளதா? அப்பெயரே இல்லாவிடில் என்ன செய்வது?" என வினவுகிறார். வரிசையில் இருப்பின், நடுவில் பார்த்து, வேண்டாத பாதியை ஒவ்வொரு முறையும் ஒதுக்கிக்கொண்டே செல்லலாம். பத்து முறைக்குள் தேடல் முடிந்துவிடும். இரண்டாமவரின் கேள்விகளே அவருக்கு மதிப்பெண் பெற்றுத் தருகின்றன. விடையை விட, விடையை நோக்கிச் சிந்தனை நடக்கும் வழியையே தேர்வாளர் காண விரும்புகிறார்.

இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் இடறுகின்றனர். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், ஆங்கிலத்தில் பிழை நேருமோ என்று அஞ்சி, முக்கால் மணி நேரம் வாய் திறவாமல் எழுதினார். நிரல் சரியாகவே இயங்கியது, வேலை கிட்டவில்லை. அவர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பதை அறியமுடியவில்லை என்று பதில் வந்தது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு அவருடைய அச்சம் புரிந்தது. பிழையற்ற வாக்கியத்திற்காகக் காத்திருப்பவன் சொல்லவந்த பொருளையே இழந்துவிடுவான். பின்னர் அவர் தம் தங்கையை எதிரில் அமர்த்தி, எளிய ஆங்கிலத்தில் ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்லிப் பழகினார். அடுத்துச் சென்ற மூன்றாவது கம்பெனியில் அவருக்கு இடம் கிடைத்தது.

விண்ணப்பதாரர்களின் குறைகளும் நியாயமானவையே. இரண்டு மூன்று நாள் உழைத்து அனுப்பிய பயிற்சிக்கு ஒரு வரிப் பதிலும் வராததுண்டு. அதற்கு எவ்வளவு நேரம் தேவைப்படும், அதைப்பற்றிப் பின்னர் உரையாடுவார்களா என முன்னரே கேட்டுக்கொள்ளலாம். ஒரு வாரம் கழித்து நினைவூட்டி எழுதுவதும் மரியாதைக் குறைவாகாது. கம்பெனியின் மௌனத்தைத் தம் திறமைக்குக் கிடைத்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

தேர்வு இருபுறமும் நிகழ்வது என்பதையும் மறக்கலாகாது. கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, கையிருப்பு எத்தனை மாதத்திற்குப் போதும் எனப் பணிவுடன் கேட்கலாம். சம்பளத்தின் ஒரு பகுதிக்கு ஈடாகப் பங்குரிமை தருவதாகச் சொன்னால், அது பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகவே உரிமையாகும் என்பதையும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் கிட்டாது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். பிராவிடண்ட் ஃபண்டுச் சட்டம் பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களையே கட்டாயப்படுத்துகிறது. சிறு கம்பெனியில் அதனைக் கேட்டுத் தெளிதல் நன்று. கம்பெனி பதிவு பெற்றதா என்பதை மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்து இணையதளத்தில் காணலாம். வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளவேண்டும்.

ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தவரைத் தக்க வினையில் அமர்த்துவதற்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார் வள்ளுவர். அத்தகைய ஆய்வுக்கு உட்பட்டுப் பிள்ளை வீடு திரும்பும்போது, "கிடைத்ததா?" என்பதற்கு முன்னால், "என்ன கேட்டார்கள்? நீ எப்படி யோசித்தாய்?" என்று கேட்போமாக. அவர் வாய்விட்டு விளக்கும் அந்தப் பத்து நிமிடம் அடுத்த தேர்வுக்கு நல்ல பயிற்சியாகும்.